முதலில் எழுதுங்கள், பிறகு கேளுங்கள்

வாசகர் கேள்வி – பதில்

பள்ளியில் கணக்கும் அறிவியலும் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவள் நான். இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கவலையைச் சுற்றி வருகின்றன. வீடு, நண்பர்கள், இயக்கம், கைப்பேசி என்று நாலாபக்கமும் இழுக்கும்போது, என் புத்தியைக் கொண்டு நான் யோசிப்பது எப்படி என்பதே அந்தக் கவலை. இந்த முறை அந்தக் கடிதங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: டீச்சர், ஓர் இரவு உட்கார்ந்து என் கருத்துகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன். ஒன்று அப்பா சொன்னது, ஒன்று தோழி சொன்னது, மற்றது எங்கோ படித்தது. எனக்கென்று ஒன்றுமே இல்லையோ என்று பயமாக இருக்கிறது. சொந்தக் கருத்து என்று ஒன்று உண்மையிலேயே உண்டா?
– கல்லூரி மாணவி

மகளே, பயப்படாதே. கருத்து எந்த வாசல் வழியாக வந்தது என்பதை வைத்து அது உன்னுடையதா என்று தீர்மானிக்க முடியாது. பேசும் மொழியே பிறரிடமிருந்து வந்ததுதான். செங்கோண முக்கோணத்தைப் பற்றிய பிதாகரஸ் தேற்றத்தை நீ கண்டுபிடிக்கவில்லை. ஆனால் தாளில் முக்கோணம் வரைந்து, நிரூபணத்தின் ஒவ்வொரு வரியிலும் நின்று, "இது ஏன் இப்படி?" என்று கேட்டுக் கடந்து வந்திருந்தால், அந்தத் தேற்றம் உன்னுடையது. பக்கத்து பெஞ்சில் அதை மனப்பாடம் செய்தவளிடமும் அதே வாக்கியம் இருக்கும். தேர்வில் இருவருக்கும் ஒரே மதிப்பெண்கூடக் கிடைக்கலாம். முக்கோணத்தைத் திருப்பிப் போட்டு, எழுத்துகளை மாற்றிக் கொடுத்தால்தான் வித்தியாசம் தெரியும். இதை வகுப்பறையில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஒருத்தி திகைத்துப் போவாள்; மற்றவள் ஒரு கணம் யோசித்துவிட்டுத் தொடர்வாள்.

உன் கருத்துகளையும் அப்படித் திருப்பிப் போட்டுப் பார். எல்லாவற்றையும் வேண்டாம், முதலில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள். அதைக் கொண்டு நீ பிறரை எடைபோடுகிறாய், அல்லது ஒரு பெரிய முடிவு எடுக்கப்போகிறாய் என்றால் அதுதான் சரியான கருத்து. ஒரு தாளில் எழுது. இதை முதலில் யாரிடம் கேட்டேன்? என்ன காரணத்துக்காக ஏற்றுக்கொண்டேன்? இதற்கு எதிராக எதைப் பார்த்திருக்கிறேன்? எது தெரியவந்தால் இதைக் கைவிடுவேன்?

மூன்றாவது கேள்விக்குக் கீழே அநேகமாக ஒன்றும் இருக்காது. எதிராக எதுவும் இல்லாததால் இல்லை. நீ இதுவரை தேடாததால். அங்கே ஒரு வாரம் வேலை இருக்கிறது. அந்தக் கருத்தை மறுப்பவர்களில் மிகத் தெளிவாகப் பேசும் ஒருவரைத் தேடிப் படி. மட்டமாகப் பேசுபவரை எடுத்துக்கொண்டு அவரைத் தோற்கடித்துவிட்டு வராதே, அதில் பயனில்லை.

நான்காவது கேள்விதான் கடினமானது. "எது தெரியவந்தாலும் மாறமாட்டேன்" என்று எழுதத் தோன்றினால் கொஞ்சம் நின்று யோசி. பெரும்பாலும் அதற்கு அடியில் ஓர் உறவு இருக்கும். இந்தக் கருத்தை விட்டால் அப்பாவின் முகம் எப்படி மாறும், தோழி என்னோடு பேசுவாளா என்ற அச்சம் இருக்கும். அந்த அச்சம் கேவலமானதன்று. ஆனால் அது உறவைப் பற்றியது, கருத்தின் உண்மையைப் பற்றி அது எதுவும் சொல்லாது. இரண்டையும் தாளில் தனித்தனியாக எழுதிவிட்டால், ஒன்றை மற்றொன்று என்று நினைத்து ஏமாற மாட்டாய்.

இவ்வளவு பாடுபட்ட பிறகு அப்பா சொன்னதே சரி என்று முடிவுக்கு வந்தால், தாராளமாக அங்கேயே நில். சொந்தமாக யோசித்தவள் பெற்றோரோடு மாறுபட்டே ஆகவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

கேள்வி: கூட்டங்களில் எனக்கு வேறு கருத்து இருந்தாலும், என் முறை வருவதற்குள் மூன்று நான்கு பேர் ஒரே மாதிரி பேசிவிட்டால் நானும் தலையாட்டிவிடுகிறேன். வெளியே வந்ததும் என்மேலேயே கோபம் வருகிறது. நான் கோழையா?
– அலுவலக ஊழியர்

இல்லை. 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் செய்த சோதனையை உங்களுக்குச் சொல்கிறேன். ஓர் அட்டையில் ஒரு கோடு, இன்னோர் அட்டையில் மூன்று கோடுகள். மூன்றில் எது முதல் கோட்டின் நீளத்துக்குச் சமம் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். தனியாகச் செய்தவர்கள் நூற்றுக்கு ஒன்றுகூடத் தவறு செய்யவில்லை. ஆனால் ஆஷ் ஒருவரை ஏழெட்டுப் பேரோடு அமர வைத்தார். மற்ற அனைவரும் அவர் முன்கூட்டியே ஏற்பாடு செய்தவர்கள். முதல் இரண்டு சுற்றில் எல்லோரும் சரியாகச் சொன்னார்கள். பிறகு, கண்ணுக்கு எதிரே தெரியும் கோட்டை விட்டுவிட்டு, எல்லோரும் ஒரே குரலில் தவறான கோட்டைச் சொன்னார்கள். விஷயம் தெரியாதவரின் முறை ஏறக்குறையக் கடைசியில் வரும். மொத்தம் 18 சுற்றுகள். அவற்றில் 12 இப்படி நடந்தன.

அந்தச் சுற்றுகளில் வந்த பதில்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூட்டத்தின் தவறையே திருப்பிச் சொன்னவை. நான்கில் மூன்று பேர் ஒரு முறையாவது வளைந்துகொடுத்தார்கள். நான்கில் ஒருவர் கடைசி வரை வளையவில்லை. பிறகு விசாரித்தபோது, சிலர் தங்கள் கண்ணையே சந்தேகித்ததாகச் சொன்னார்கள். சிலர், சரியான பதில் தெரிந்திருந்தும் தனித்துத் தெரிய விரும்பவில்லை என்று ஒப்புக்கொண்டார்கள்.

கோட்டின் நீளத்திலேயே இந்தக் கதி என்றால், பதவி உயர்வும் பகையும் கலந்த உங்கள் கூட்ட அறையில் நீங்கள் தடுமாறுவதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் இந்தச் சோதனையைச் சொல்பவர்கள் பலரும் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது மறுபாதிதான். கூட்டத்தில் ஒரே ஒருவரைச் சரியான பதில் சொல்ல வைத்தார் ஆஷ். தவறுகள் மளமளவென்று குறைந்தன. அந்த ஒருவர் கூட்டத்தோடு மாறுபட்டு இன்னொரு தவறான பதிலைச் சொன்னபோதுகூட, சோதனைக்கு வந்தவருக்கு விடுதலை கிடைத்தது. பதிலை உரக்கச் சொல்லாமல் தாளில் எழுதச் சொன்னபோதும் கூட்டத்தின் பிடி தளர்ந்தது.

தாளில் எழுதுவதன் பலனை நான் வகுப்பறையில் கண்டவள். "கொதிக்கிற நீருக்கு அடியில் தீயை இன்னும் கூட்டினால், நீரின் வெப்பநிலை ஏறுமா?" என்று கேட்டு, ஏறும் என்பவர்கள் கை தூக்குங்கள் என்பேன். நன்றாகப் படிக்கிற பையன் ஒருவன் கை தூக்கினால் போதும், அவனைச் சுற்றி நான்கு கைகள், பிறகு வகுப்பே. அதே கேள்விக்கு, முதலில் துண்டுத்தாளில் எழுதுங்கள், பிறகு கை தூக்கலாம் என்றால் வகுப்பு இரண்டாகப் பிரியும். ஏறாது என்று எழுதியவர்களில் கடைசி பெஞ்சுக்காரர்களும் இருப்பார்கள். திறந்த பாத்திரத்தில் நீர் கொதிக்கத் தொடங்கிய பிறகு வெப்பநிலை அங்கேயே நிற்கும். கூடுதல் தீ நீரை இன்னும் வேகமாக ஆவியாக்கும். வெப்பமானியை வைத்துப் பார்த்ததும் அந்தக் கடைசி பெஞ்சு முகங்களைப் பார்க்க வேண்டும்! அவர்களுக்குப் பதில் முன்பே தெரிந்திருந்தது. சொல்வதற்குள் மற்றவர்களின் கைகள் எழுந்துவிட்டன, அதுதான் இத்தனை நாள் நடந்தது.

ஆகவே கூட்டத்துக்குள் நுழைவதற்கு முன்பே உங்கள் கருத்தையும் அதன் காரணத்தையும் இரண்டு வரியில் எழுதிவிடுங்கள். முடிந்தால் முதலிலேயே பேசுங்கள். பிறர் பேசிய பிறகு உங்கள் எண்ணம் மாறினால், எழுதியதை அடித்துவிட்டு மாறியதற்கான காரணத்தைப் பக்கத்தில் எழுதுங்கள். எழுதக் காரணம் கிடைத்தால் நீங்கள் புரிந்துகொண்டு மாறியிருக்கிறீர்கள். எதுவும் கிடைக்காவிட்டால், அழுத்தத்துக்குப் பணிந்திருக்கிறீர்கள். கூட்டத்தை நடத்துகிறவராக நீங்கள் ஆகும் நாளில், எல்லோரையும் எழுதித் தரச் சொல்லிவிட்டு, பதவியில் பெரியவரைக் கடைசியில் பேச வையுங்கள்.

கேள்வி: நான் பட்டதாரி, புள்ளிவிவரங்களைச் சரிபார்த்த பிறகே எதையும் நம்புவேன். கூட்டத்தோடு அடித்துச் செல்லப்படுவது படிக்காதவர்களின் பிரச்சினை அல்லவா?
– ஒரு பொறியாளர்

இந்த எண்ணத்தை நான் கடுமையாக மறுக்கிறேன். உங்களுக்குக் கணக்கு வரும் என்பதால் கணக்கிலேயே பேசுவோம். டேன் கஹானும் சக ஆய்வாளர்களும் 2013இல் வெளியிட்ட ஆய்வில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கர்களுக்குக் கற்பனையான எண்களைக் கொடுத்து ஒரு கேள்வி கேட்டார்கள். ஒரு தோல் களிம்பைத் தடவிக்கொண்டவர்களில் 223 பேருக்குத் தடிப்பு குறைந்தது, 75 பேருக்கு அதிகமானது. தடவிக்கொள்ளாதவர்களில் 107 பேருக்குக் குறைந்தது, 21 பேருக்கு அதிகமானது. களிம்பு பலன் தருகிறதா?

223 என்ற பெரிய எண்ணைப் பார்த்ததும் "ஆம்" என்று சொல்லத் தோன்றும். பொறுமையாக வகுத்துப் பாருங்கள். தடவிக்கொண்ட 298 பேரில் குணம் கண்டவர்கள் 75 சதவீதம். தடவிக்கொள்ளாத 128 பேரில் 84 சதவீதம். களிம்பு இல்லாதவர்களே தேவலை. களிம்பு என்று சொன்னபோது, கணக்கில் தேர்ந்தவர்கள் இதை மற்றவர்களைவிட நன்றாகக் கண்டுபிடித்தார்கள்.

பிறகு எண்களை மாற்றாமல் பெயரை மட்டும் மாற்றினார்கள். களிம்புக்குப் பதில், பொது இடங்களில் கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்வதைத் தடைசெய்த நகரங்கள். தடிப்புக்குப் பதில் குற்றங்கள். அமெரிக்காவில் இது கட்சிகளைப் பிரிக்கும் விவகாரம். உடனே காட்சி மாறியது. சரியான விடை தங்கள் தரப்புக்குச் சாதகமாக இருந்தபோது கணக்கில் தேர்ந்தவர்கள் அதைக் கண்டுபிடித்தார்கள். பாதகமாக இருந்தபோது அதே ஆட்கள் வெகுவாகச் சறுக்கினார்கள். இரு தரப்புக்கும் இடையிலான இடைவெளி, கணக்குத் தெரிந்தவர்களிடம் குறையவில்லை, அதிகமானது. இதே போன்று பின்னால் செய்யப்பட்ட ஆய்வுகளில் எல்லாம் இந்த விளைவு ஒரே அளவில் வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் படிப்பு மட்டுமே கவசம் என்ற நம்பிக்கையை அசைக்க இது போதும்.

எப்படி நடக்கிறது என்று கவனியுங்கள். முதல் பார்வையில் கிடைத்த விடை நமக்குப் பிடித்திருந்தால் அங்கேயே பேனாவை மூடிவிடுகிறோம். பிடிக்காவிட்டால், "இரு, இதில் ஏதோ இடிக்கிறது" என்று வகுக்க ஆரம்பிக்கிறோம். இரண்டு இடத்திலும் நாம் பொய் சொல்லவில்லை. இரண்டு இடத்திலும் தர்க்கம் சரியாகவே இருக்கலாம். எங்கே சரிபார்க்கிறோம், எங்கே விட்டுவிடுகிறோம் என்பதில்தான் சார்பு புகுந்துகொள்கிறது. அதனால் அதைக் கையும் களவுமாகப் பிடிப்பது கடினம். அதிகம் படித்தவருக்குப் பிடிக்காத செய்தியை உடைக்க அதிகக் கருவிகள் கைவசம் இருக்கின்றன என்பதை மறக்காதீர்கள்.

இதற்கு ஒரு நல்ல மருந்து உண்டு. மரண தண்டனை குற்றங்களைக் குறைக்கிறதா என்ற ஆய்வுகளைப் படிக்கக் கொடுத்து, 1984இல் சார்ல்ஸ் லார்டும் சக ஆய்வாளர்களும் இரண்டு வகை அறிவுரைகளை ஒப்பிட்டார்கள். நீதிபதியைப் போல நடுநிலையோடு இருங்கள் என்று சிலரிடம் சொன்னார்கள். அதனால் பெரிய பலன் இல்லை. இதே ஆய்வு எதிரான முடிவைத் தந்திருந்தால் இதன் முறைகளை இப்படித்தான் மதிப்பிட்டிருப்பீர்களா என்று ஒவ்வொரு கட்டத்திலும் கேட்டுக்கொள்ளச் சொன்னார்கள் மற்றவர்களிடம். அவர்களின் சார்பு நன்றாகக் குறைந்தது. நடுநிலையாக இருக்க வேண்டும் என்ற விருப்பம் எல்லோருக்கும் இருக்கிறது. எதைச் செய்வது என்று தெரியாமல் விருப்பம் மட்டும் இருந்து என்ன பயன்? அடுத்த முறை உங்களுக்கு இனிக்கிற புள்ளிவிவரம் ஒன்று வரும்போது, அது கசந்திருந்தால் என்னென்ன கேள்வி கேட்டிருப்பீர்களோ அத்தனையையும் கேளுங்கள்.

கேள்வி: பெரும்பான்மை சொல்வதற்கு எப்போதும் எதிர்ப்பக்கம் நிற்பதுதான் சுயசிந்தனை என்கிறான் என் நண்பன். சரியா?
– பிளஸ் டூ மாணவர்

தம்பி, தவறு. கூட்டம் வலப்பக்கம் திரும்பினால் அவன் இடப்பக்கம் திரும்புகிறான். அப்படியானால் அவன் எங்கே போக வேண்டும் என்பதை அந்தக் கூட்டமே தீர்மானிக்கிறது. பெரும்பான்மை பல நேரங்களில் சரியாகவும் இருக்கிறது. உன் நண்பனிடம் ஒன்று கேள்: எல்லோரும் ஒத்துக்கொள்கிற எந்த விஷயத்தை அவன் ஆராய்ந்து பார்த்து, ஆமாம் சரிதான் என்று ஏற்றுக்கொண்டிருக்கிறான்? ஒன்றாவது சொன்னால் அவனோடு மேற்கொண்டு பேசலாம்.

கேள்வி: பதினைந்து வயது மகள் தோழிகள் சொல்வதையே வேதமாக எடுத்துக்கொள்கிறாள். பேச்சு, ரசனை, கோபம்கூட அவர்களைப் போலவே. சொந்தமாக யோசிக்க அவளுக்கு எப்படிக் கற்றுக்கொடுப்பது?
– ஒரு தாய்

அம்மா, முதலில் ஓர் ஆறுதல். அந்த வயதில் பல வேடங்களைப் போட்டுப் பார்ப்பது வளர்ச்சியின் பகுதி. ஜேம்ஸ் மார்சியா என்ற உளவியலாளர் 1966இல் இளைஞர்களின் அடையாளத்தை நான்கு நிலைகளாகப் பிரித்துக் காட்டினார். அதில் இரண்டு நிலைகள் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரி இருக்கும். இரண்டிலும் பிள்ளை உறுதியாக இருப்பான். தொழில், நம்பிக்கை எல்லாவற்றிலும் தெளிவாகப் பேசுவான். ஒருவன் தேடிப் பார்த்துவிட்டு அங்கே வந்திருப்பான். மற்றவன் பெரியவர்கள் கொடுத்ததைப் பிரித்துப் பார்க்காமலேயே வாங்கிக்கொண்டிருப்பான். தேடிக்கொண்டிருக்கிற பிள்ளை, இந்த இரண்டாமவனைவிடக் குழப்பமாகத்தான் தெரியும். வீட்டில் சொன்னதைக் கேட்டு அமைதியாக இருக்கிற பிள்ளையைப் பார்த்து நாம் நிம்மதி அடைகிறோமே, அந்த நிம்மதியை நான் எப்போதும் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்த்திருக்கிறேன்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். மகள் உங்களோடு மாறுபடும்போது "ஏன் அப்படி நினைக்கிறாய்?" என்று கேட்கிறீர்கள். உங்களோடு ஒத்துப்போகும்போதும் கேட்கிறீர்களா? பெரும்பாலான வீடுகளில் கேட்பதில்லை. அங்கே பிள்ளை கற்றுக்கொள்வது இதுதான்: ஒத்துப்போனால் கேள்வி வராது, அன்பு கிடைக்கும். அந்தப் பாடத்தை நன்றாகப் படித்துக்கொண்டு அதைத் தோழிகளிடம் போய்ப் பயன்படுத்துகிறாள். வீட்டில் தலையாட்டப் பழகியவள் வெளியில் மட்டும் நிமிர்ந்து நிற்பாள் என்று எப்படி எதிர்பார்ப்பது?

இன்றிலிருந்து அவள் "ஆமாம் அம்மா" என்று சொல்லும்போதும் காரணம் கேளுங்கள், குறுக்கு விசாரணையாக அல்லாமல் ஆர்வத்தோடு. உங்களுக்குத் தெரியாத விஷயம் வந்தால், "எனக்குத் தெரியவில்லை, இதை எப்படிக் கண்டுபிடிக்கலாம்?" என்று அவள் காதுபடச் சொல்லுங்கள். சின்ன முடிவு ஒன்றில் அவள் வாதம் உங்கள் வாதத்தைவிட நன்றாக இருந்தால், அவள் சொன்னபடி செய்யுங்கள்; எந்தக் காரணத்துக்காகச் செய்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். தோழிகளைக் குறை சொல்லாதீர்கள். சொன்னால், ஒரு கருத்தை ஆராய வேண்டிய இடத்தில் யார் பக்கம் நிற்பது என்று தேர்வு செய்யும்படி அவளைத் தள்ளிவிடுவீர்கள். அந்தப் போட்டியில் பதினைந்து வயதில் தோழிகள்தான் ஜெயிப்பார்கள்.

கேள்வி: பொய் என்று நினைத்த ஒரு செய்தியே திரும்பத் திரும்பக் கைப்பேசியில் வந்தால், கடைசியில் உண்மையாக இருக்குமோ என்று தோன்றிவிடுகிறது. இது என் பலவீனமா?
– ஒரு வாசகர்

எல்லோருக்கும் நேர்வதுதான். 1977இல் லின் ஹாஷரும் சக ஆய்வாளர்களும், மாணவர்களுக்கு இரண்டு வார இடைவெளிகளில் மூன்று முறை பொது அறிவு வாக்கியங்களைக் கொடுத்து, எவை உண்மையாகப் படுகின்றன என்று மதிப்பிடச் சொன்னார்கள். சில வாக்கியங்கள் மட்டும் மூன்று முறையும் வந்தன. அவற்றின் மீதான நம்பிக்கை ஒவ்வொரு முறையும் ஏறியது. உண்மையான வாக்கியமானாலும் சரி, பொய்யானாலும் சரி. சரியான விவரம் முன்பே தெரிந்தவர்களிடம்கூட இந்த விளைவு வேலை செய்வதைப் பிற்கால ஆய்வுகள் காட்டின. பழகிய வாக்கியம் மனதில் சுலபமாக ஓடுகிறது. அந்தச் சுலபத்தை நாம் உண்மையின் அடையாளமாக எடுத்துக்கொள்கிறோம்.

ஒரே செய்தியை நாற்பது பேர் அனுப்பினாலும், முதலில் அதை எழுதியவர் ஒருவரே என்றால் சாட்சி ஒன்றுதான். அந்த முதல் ஆள் யார், அவருக்கு அது எப்படித் தெரியும், எந்தத் தேதியில் நடந்தது என்று கேளுங்கள். விடை கிடைக்காவிட்டால் மேற்கொண்டு அனுப்பாதீர்கள். உங்கள் திரையில் அடுத்து எது வரும் என்பதைத் தீர்மானிக்கும் கணினி நிரல், நீங்கள் எதில் அதிக நேரம் நின்றீர்கள் என்பது போன்றவற்றைத்தான் அளக்கிறது. அது உண்மையா என்று அதற்குத் தெரியாது.

"நம்மவர் என்றால் இதைப் பகிர்வார்" என்ற வகை வாசகம் இருந்தால் கூடுதல் எச்சரிக்கை தேவை. செய்தி உண்மை என்றால் ஆதாரத்தைக் காட்டலாமே! அங்கே உங்கள் விசுவாசத்தைக் கேட்கிறார்கள்.

கேள்வி: பல வருடமாக ஓர் இயக்கத்தில் இருக்கிறேன். அதன் கொள்கையில் எனக்கு நம்பிக்கை உண்டு. ஆனால் உள்ளே ஒரு தவறு நடப்பதைப் பார்க்கிறேன். பேசினால் துரோகி என்பார்கள். பேசாவிட்டால் மனம் கேட்கவில்லை.
– பெயர் வெளியிட விரும்பாதவர்

உங்கள் கடிதத்தை நெடுநேரம் கையில் வைத்திருந்தேன். இங்கே வந்திருக்கும் கேள்விகளில் மிக அதிக விலை கேட்கும் கேள்வி இது.

"நாம்", "அவர்கள்" என்ற பிரிவு மனித மனத்தில் எவ்வளவு சுலபமாக முளைக்கிறது என்பதை ஹென்றி தஜ்ஃபெல் என்ற உளவியலாளர் 1970களின் தொடக்கத்தில் காட்டினார். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் பள்ளிச் சிறுவர்களை இரண்டு குழுக்களாகப் பிரித்தார். இரண்டு ஓவியர்களில் யாருடைய படம் பிடிக்கிறது என்பது போன்ற அற்ப விஷயத்தை வைத்துப் பிரித்ததாக அவர்களிடம் சொன்னார். உண்மையில் அது குருட்டாம்போக்கான பிரிவு. தன் குழுவில் யார் இருக்கிறார்கள் என்றுகூட அவர்களுக்குத் தெரியாது. பிறருக்குச் சிறு தொகைகளைப் பங்கிடச் சொன்னபோது தங்கள் குழுவுக்கே சாய்ந்தார்கள். தங்கள் குழுவுக்குக் கிடைப்பது குறைந்தாலும் பரவாயில்லை, மற்றக் குழுவைவிட முந்தி நின்றால் போதும் என்கிற போக்கும் அவர்களிடம் இருந்தது. சற்று முன் முளைத்த, முகம் தெரியாத குழுவுக்கே இந்தப் பற்று. நீங்கள் வருடக்கணக்கில் வியர்வை சிந்திய இயக்கத்தின் மீது உங்களுக்கு இருக்கும் பற்று எவ்வளவு ஆழமாக இருக்கும்! அந்தப் பற்றை அறுத்துக்கொள்ளச் சொல்ல மாட்டேன்.

முதலில் நீங்கள் கண்ணால் பார்த்ததையும் பிறர் சொல்லக் கேட்டதையும் தனித்தனியாக எழுதுங்கள். பிறகு, எதிர்த் தரப்பில் இதே செயல் நடந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று எழுதுங்கள். இரண்டாவது பக்கத்தில் கடுமையான வார்த்தைகளும் முதல் பக்கத்தில் சமாதானங்களும் வந்தால், எதை விசாரிக்க வேண்டும் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். அந்தச் செயலை நியாயப்படுத்தும் விளக்கம் ஒன்று உண்மையாகவே இருக்கலாம், அதையும் தேடுங்கள்.

பிறகு ஒரே ஒருவரைத் தேடுங்கள். ஆஷின் அறையில் கண்டது போல, உடன் நிற்க இன்னொருவர் இருந்தால் போதும். உங்களுக்குத் தோன்றியது வேறு யாருக்கும் தோன்றவில்லை என்று நினைக்காதீர்கள். எல்லோரும் மற்றவர் மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு தாங்களும் மௌனமாக இருப்பது எல்லா அமைப்புகளிலும் நடக்கிறது. இருவராகச் சேர்ந்து, திருத்தும் அதிகாரம் உள்ளவரிடம் முதலில் உள்ளேயே பேசுங்கள். "நம் கொள்கை இன்னது, நடந்தது இன்னது" என்று கொள்கையின் பக்கம் நின்று பேசுங்கள்.

உயிருக்கோ பிழைப்புக்கோ ஆபத்து இருந்தால், காலம் பார்ப்பதைக் கோழைத்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். வெளியே பேச முடியாத நிலையிலும், நடந்தது தவறு என்பதை உங்களுக்குள் தெளிவாக வைத்திருக்க முடியும். அங்கேயும் சமாதானம் சொல்ல ஆரம்பிப்பதைத்தான் நான் அஞ்சுகிறேன்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. உங்கள் நண்பர்கள், வருமானம், மாலை நேரம், மரியாதை எல்லாமே அந்த ஒரே இயக்கத்துக்குள் இருக்கின்றன என்று கடிதத்தின் வரிகளுக்கிடையே தெரிகிறது. அப்படி இருந்தால் ஒரு வாக்கியம் பேசுவதன் விலை முழு வாழ்க்கையாகிவிடும். எவ்வளவு தெளிவாக யோசிப்பவரும் அந்த விலைக்கு முன்னால் தயங்குவார். வேறு ஓரிடத்திலும் உங்களுக்கென்று மனிதர்கள் இருக்கட்டும். பழைய நட்பொன்றைப் புதுப்பியுங்கள், இயக்கத்தோடு தொடர்பில்லாத ஒன்றைக் கற்றுக்கொள்ளச் சேருங்கள். போய் உட்கார இன்னோர் இடம் இருக்கிறது என்று தெரிந்தவருக்கு, இங்கே எழுந்து நிற்கத் தைரியம் வரும்.

கேள்வி: போன வருடம் ஒன்று சொன்னேன், இப்போது யோசித்து மாற்றிக்கொண்டேன். "காற்றடிக்கிற பக்கம் சாய்பவர்" என்கிறார்கள். எப்படிப் பதில் சொல்வது?
– ஓர் இளம் ஆசிரியர்

சார்ல்ஸ் டார்வின் பல வருடங்கள் கடைப்பிடித்த ஒரு விதியைத் தன் வாழ்க்கைக் குறிப்பில் சொல்கிறார். தன் முடிவுகளுக்கு எதிரான தகவலோ எண்ணமோ எதிர்ப்பட்டால், தவறாமல் உடனே குறித்து வைத்துவிடுவார். சாதகமான தகவல்களைவிட இப்படிப்பட்டவை நினைவிலிருந்து வேகமாக நழுவிவிடுகின்றன என்று அனுபவத்தில் கண்டிருந்தார்.

நீங்களும் அப்படிக் குறித்து வையுங்கள். கருத்து மாறும்போது தேதியையும், எந்தத் தகவல் மாற்றியது என்பதையும் எழுதுங்கள். யாராவது "போன வருடம் வேறு மாதிரி சொன்னீர்களே" என்று கேட்டால், "ஆமாம், பிறகு இதைத் தெரிந்துகொண்டேன்" என்று அந்தத் தகவலை அவர் முன் வையுங்கள். அவர் அதை மறுக்கட்டும், கேட்டுக்கொள்ளுங்கள். குறிப்பைப் புரட்டும்போது, மாறிய தேதிக்கு எதிரே தகவல் எதுவும் இல்லாமல், அந்த வாரம் உங்களோடு அமர்ந்திருந்தவர்களின் பெயர்கள் மட்டுமே நினைவுக்கு வந்தால், அவர் சொன்னதில் ஏதோ இருக்கிறது. பழைய கருத்தை மறுபடி எடுத்து வைத்துக்கொண்டு, இந்த முறை தனியாக யோசியுங்கள்.